ஓர் ஓவியப் பள்ளியின் பாயிரம்

“குறை சொல்லுங்கள், ஐயா. பாராட்டு வேண்டா. பாராட்டுவதற்கு ஊரில் பலர் இருக்கிறார்கள்.”

என் பழைய மாணாக்கர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எழுதிய மடல் இவ்வாறு முடிந்திருந்தது. அட்டன் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் அவரும் நண்பர் இருவரும் சேர்ந்து ஓவியப் பள்ளி ஒன்றை நடத்தி வருகின்றனர். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி வந்து அங்கே சித்திரம் பயில்கின்றனர். அப்பள்ளிக்கென ஓர் இணையத்தளத்தை அமைத்து, உலகுக்குத் திறந்துவிடுமுன் அதன் மாதிரியை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார் அவர்.

மடலைப் படித்ததும் எனக்கு மலைப்பே தோன்றியது. தொல்காப்பியமும் நன்னூலும் பயிற்றிக் காலங்கழித்த ஒருவன் இணையத்தள வடிவமைப்பைப் பற்றி யாது அறிவான்? உடன் பணியாற்றும் கணித ஆசிரியர், “பண்டிதருக்கு இதில் என்ன வேலை? சந்திப்பிழை பார்த்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்” என்று நகைத்தார். யானும் அவ்வாறே செய்ய எண்ணினேன். ஆயின், இரண்டு நாள் அத்தளத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபின் ஓர் உண்மை புலப்பட்டது. இணையத்தளமும் ஒரு நூலே. சொல்லுவோர் உளர், கேட்போர் உளர், இருவர்க்குமிடையே ஒரு பொருள் உளது. இம்மூன்றும் உள்ளவிடத்து நூலுக்குரிய இலக்கணமும் உண்டு. அவ்விலக்கணத்தை நம் முன்னோர் எழுதி வைத்துச் சென்றனர்.

அன்னமும் பன்னாடையும்

நூலொன்றை உலகுக்கு விடுமுன் அறிந்தோர் அவையில் வைப்பது தமிழர் மரபு. அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியது என அதன் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. நம் ஈழத்து விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து ஆக்கிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். நோயுற்ற உடம்போடும் அவர் அம்மரபைக் கைவிட்டாரல்லர். தன் ஆக்கத்தைத் திறக்குமுன் மாதிரியை அனுப்பி “குறை சொல்லுக” என்று கேட்கும் இளைஞரும், தாம் அறிந்தோ அறியாமலோ, அம்மரபிலேயே நிற்கிறார்.

இனி, அவையில் இருப்போனுக்கும் இலக்கணம் உண்டு. நன்னூலார் மாணாக்கரை வகைப்படுத்தும்போது முதல்வகையினரை அன்னத்துக்கும் கடைவகையினரை நெய்யரிக்கும் ஒப்பிடுவர். அன்னம் நீரை ஒழித்துப் பாலைக் கொள்ளும். நெய்யரியாகிய பன்னாடையோ நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடத்தே தேக்கிக்கொள்ளும். மாணாக்கரைப் பற்றிச் சொன்ன இவ்வுவமை கருத்துரைப்போருக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

என் செயலையே சான்றாகச் சொல்கிறேன். முப்பதாண்டுக் காலம் கட்டுரைப் பயிற்சிக் கொப்பிகளைச் சிவப்பு மையால் திருத்தியவன் யான். ஒரு பக்கத்தில் இருபது பிழை இருந்தால் இருபதையும் சுழித்தேன். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுக் கொப்பியைப் பைக்குள் திணித்தார்கள். அடுத்த வாரம் அதே இருபது பிழையும் திரும்பி வந்தன. இருபதையும் ஒருங்கே சுட்டியமையால் அவற்றுள் எது பெரிது, எது சிறிது என்பதை யான் சொல்லத் தவறினேன். அக்கட்டுரையில் நன்றாக அமைந்த ஒரு வாக்கியத்தின் கீழ் ஒரு கோடும் இட்டதில்லை. நெய் ஒழுகிப் போயிற்று. கசடு என் கையில் நின்றது. அம்முறையை இத்தளத்துக்கும் கையாண்டால் அவ்விளைஞரும் அதைப் பைக்குள் திணித்துவிடுவார் அல்லவா?

ஆகவே, பிழை தேடுமுன் ஒரு வினாவை எழுதிக்கொண்டேன்: இத்தளம் யாருக்காக, எதன்பொருட்டு?

முகப்பே பாயிரம்

இவ்வினாவுக்கு விடை காணும் வழியையும் நன்னூலே காட்டியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றி, பின்னாளில் ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையால் யாழ்ப்பாணத்துத் திண்ணைப்பள்ளி வரை சென்று சேர்ந்த அந்நூல், பாயிரம் இல்லாததை நூலென்றே கொள்ளாது. பாயிரத்தை மாடத்தில் எழுதிய சித்திரத்துக்கும், மாநகரின் வாயிற் கோபுரத்துக்கும் அது உவமை கூறும். சித்திரம் கண்ணை ஈர்க்கும், கோபுரம் வழிகாட்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது இணையத்தளத்தின் முகப்பு.

சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டியவை எட்டு: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துக் கூறுவாரும் உளர். இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, முகப்புப் பக்கத்தில் ஒவ்வொன்றும் உளதா என்று பார்த்தேன்.

நூற்பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் பெரிதாகவும், அதன்கீழ்த் தமிழில் சிறிதாகவும் இருந்தது. நுதலிய பொருள் அரைகுறையாக இருந்தது. நீர்வண்ணம் பயிற்றுகிறார்களா, களிமண் வேலை உண்டா என்பது மூன்றாம் பக்கத்திலேதான் தெரியவந்தது. ஆக்கியோன் பெயர் இல்லை. பயிற்றுவோர் மூவரும் தன்னடக்கத்தால் தம் பெயரை விட்டிருந்தனர். தன் மகளைத் தனியே பஸ் ஏற்றி அனுப்பும் ஒரு தாய்க்கு, அங்கே பயிற்றுபவர் யாவர் என்பது முதற்கேள்வி. ஈண்டுத் தன்னடக்கம் நற்பண்பு அன்று.

வழி என்பது, இந்நூல் எதனைப் பின்பற்றி வந்தது என்பதைக் கூறுவது. அம்மூவருள் ஒருவர் காமன் கூத்து ஆடுவோர்க்குத் தலைமுறையாக ஒப்பனை செய்துவந்த குடும்பத்தவர். இரதி, மன்மதன் முகங்களுக்கு வண்ணந்தீட்டிய கையே இன்று பிள்ளைகளுக்குத் தூரிகை பிடிக்கக் கற்பிக்கிறது. மலையகத்தில் ஓர் ஓவியப் பள்ளி தன் வழியென்று சொல்லிக்கொள்ள இதனினும் சிறந்தது வேறு யாது? அச்செய்தி தளத்தில் எங்குமே இல்லை.

எல்லையும் களனும் இல்லை. எந்தத் தரிப்பிடத்தில் இறங்க வேண்டும் என்பது யாண்டும் சொல்லப்படவில்லை. காலம் இருந்தது, ஆயின் நான்கு முறை தொட்ட பின்னரே தோன்றியது. கேட்போர் யாவர், எந்த வயதுப் பிள்ளைகள் சேரலாம் என்பது இல்லை. பயனும் இல்லை. க. பொ. த. சாதாரண தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கும் பிள்ளைக்கு இப்பயிற்சி உதவுமா என்பது பெற்றோர் பலர் கேட்கும் வினா. கட்டணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

“காசு விஷயத்தை முகப்பிலே போடுவது கலைக்கு அழகா, ஐயா?” என்று தொலைபேசியில் கேட்டார் மாணாக்கர். அவருக்கு ஒரு பழைய தாளை நினைவூட்டினேன். 1919ஆம் ஆண்டு ஜெர்மனியில் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் என்பார் பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கினார். 1922இல் கல்கத்தாவிலும் அப்பள்ளியைச் சார்ந்தோரின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்பள்ளி தன்னை உலகுக்கு அறிவித்தது நான்கே பக்கமுள்ள ஒரு துண்டு வெளியீட்டால். முகப்பில் லயனல் பைனிங்கர் மரத்தில் செதுக்கி அச்சிட்ட ஓவியம். கோபுரங்கள் மூன்று விண்மீன்களை நோக்கி எழும் ஒரு தேவாலயம். நன்னூலாரின் உவமையைக் கேட்டுச் செதுக்கினாற் போன்றது அது! உள்ளே பள்ளியின் கொள்கை. எவை பயிற்றப்படும், யார் சேரலாம் என்னும் விவரம். வயதும் பாலும் தடையல்ல என்று அது தெளிவாகக் கூறியது. அதனோடு ஆண்டுக்கட்டணம் 180 மார்க், சேர்வுக்கட்டணம் 20 மார்க் என்பதையும் வெளிப்படையாக அச்சிட்டது. இருபதாம் நூற்றாண்டின் கலையையே திருப்பிவிட்ட பள்ளி தன் கட்டணத்தைச் சொல்ல நாணவில்லை. நாம் ஏன் நாண வேண்டும்?

சில குற்றங்கள்

பாயிரத்தை நோக்கியபின் நூலை நோக்கினேன். நூலில் நேரும் குற்றம் பத்து என்பர் பவணந்தியார். பத்தையும் எழுதாது, பெரியனவாகிய நான்கை மட்டும் எழுதினேன்.

முதலாவது, வழூஉச்சொற் புணர்த்தல். முகப்புக்குத் திரும்பும் பொத்தானில் ‘வீடு’ என்று எழுதப்பட்டிருந்தது. ‘ஹோம்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கணினி அவ்வாறு பெயர்த்திருக்கிறது. அறம், பொருள், இன்பம், வீடு என்று படித்தவர்களுக்கு, விரலால் ஒருமுறை தொட்டால் வீடுபேறு கிட்டும் என்பது பெரும் ஆறுதலே! இன்னோரிடத்தில், பழம், குடம் முதலிய அசையாப் பொருள்களைப் பார்த்து வரையும் பயிற்சி ‘இன்னும் வாழ்க்கை’ எனப் பெயர்பெற்றிருந்தது. ‘ஸ்டில் லைஃப்’ என்பதன் கோலம் அது. நூலின் யாப்பு நான்கனுள் மொழிபெயர்ப்பும் ஒன்று என்பது உண்மையே. ஆயினும் பெயர்ப்போன் பொருளறிந்து பெயர்த்தல் வேண்டும். ‘முகப்பு’, ‘பொருள் பார்த்து வரைதல்’ என்று எழுதினால் எல்லார்க்கும் விளங்கும்.

இரண்டாவது, மயங்க வைத்தல். வெள்ளைத் தரையில் வெளிறிய சாம்பல் நிற எழுத்து. சில இடங்களில் படத்தின் மேலேயே எழுத்து. அலுவலகத்துப் பெருந்திரையில் அது நாகரிகமாகத் தோன்றியிருக்கலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில், வெயிலில் நின்றுகொண்டு, கீறல் விழுந்த கைப்பேசியில் பார்ப்பவர்க்கு எழுத்தே தெரியாது. இதற்கு உலகம் ஒப்பிய அளவொன்று உண்டு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட நெறிகளின்படி, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் தரைக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும். இதனை அளந்து சொல்லும் கருவிகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

தமிழெழுத்துக்கே உரிய மயக்கம் ஒன்றும் இருந்தது. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துக்கெழுத்து இடைவெளி விட்டு அழகுசெய்வர். அதே அமைப்பைத் தமிழுக்கும் கொடுத்திருந்தனர். விளைவு, ‘கொழுந்து’ என்னும் சொல்லில் கொம்பு ஒருபுறமும் ககரம் நடுவிலும் கால் மறுபுறமுமாக விலகி நின்றன. கொம்பும் ககரமும் காலும் சேர்ந்ததே ஓரெழுத்து. அதனைப் பிரித்தால் எழுத்துச் சிதையும்.

எழுத்துத் தெளிவு இன்று தோன்றிய கவலை அன்று. ஏட்டுச்சுவடியில் புள்ளி இட்டால் ஓலை பொத்துவிடும் என்று புள்ளியின்றி எழுதினர். சொற்களுக்கிடையே இடைவெளியும் விடவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றோடொன்று மயங்கின. அம்மயக்கத்தைத் தீர்க்க வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்தினார். ஆறுமுக நாவலர் உரைநடையில் நிறுத்தக் குறிகளை இட்டும், கடினமான சந்திகளைப் பிரித்தும், சிறுபிள்ளைகள் தடையின்றிப் படிக்கப் பாலபாடங்களை அச்சிட்டார். 1991ஆம் ஆண்டில் யூனிகோட் என்னும் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்தபின், நம் எழுத்து உலகில் எந்தக் கணினியிலும் தமிழாகவே தோன்றும் வழி திறந்தது. ஆயினும் இத்தளத்தின் ஒரு பக்கம் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத என் கைப்பேசியில் அப்பக்கம் பொருளற்ற உரோம எழுத்துகளாகக் காட்சியளித்தது. வேறொரு பக்கத்தில் எழுத்து முழுவதையும் படமாக்கி ஒட்டியிருந்தனர். படமாகிய எழுத்தைத் தேடுபொறி கண்டுகொள்ளுதல் அரிது. கண்பார்வை குன்றியோர்க்கு வாசித்துக் காட்டும் கருவியும் அதில் தடுமாறும். முனிவரும் நாவலரும் திறந்த கதவை நாமே மீண்டும் சாத்தலாமா?

மூன்றாவது, சென்று தேய்ந்து இறுதல். தமிழ்ப் பகுதி முகப்பில் விரிவாகத் தொடங்கிற்று. இரண்டாம் பக்கத்தில் பாதியாயிற்று. நான்காம் பக்கத்தில் ‘விரைவில்’ என்ற ஒரு சொல்லோடு நின்றது. ஆங்கிலப் பகுதியோ இறுதிவரை நிறைந்திருந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும், பலகையானாலும் படிவமானாலும் தமிழ் கடைசியில் வந்து பாதியில் நிற்பதை நாம் கண்டு பழகிவிட்டோம். பிறர் செய்தால் குறைகூறும் நாம், நம் பள்ளியின் வாயிலில் அதனைச் செய்யலாகாது.

நான்காவது, மாறுகொளக் கூறல். எனக்குப் பெரிதாகத் தோன்றிய குற்றம் இதுவே. ‘உன் கண்ணால் காண்; உன் கையால் வரை’ என்பது அப்பள்ளியின் கொள்கை வாசகம். அவ்வாசகத்தின் பின்னணியில் பரந்து நின்ற படம் யாது? கூடை சுமந்து, பொட்டிட்டு, வெள்ளைப் பல் தெரியச் சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண். விலையின்றிக் கிடைக்கும் படத்தொகுதி ஒன்றிலிருந்து எடுத்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதன் பின், விளம்பரத் தாளிலும் தேயிலைப் பெட்டியிலும் அஞ்சலட்டையிலும் உலகம் கண்ட மலையகப் பெண் அவளே. அவள் முகத்தில் அட்டைக்கடி இல்லை, பனிக்குளிர் இல்லை, நாட்சம்பளக் கணக்கும் இல்லை. வாங்குவோன் கண்ணுக்காக எடுத்த படம் அது. அப்பெண்களின் பிள்ளைகள் தம் கண்ணால் காணக் கற்கும் பள்ளியின் வாயிலில், பிறர் கண்ணால் கண்ட படம் எதற்கு?

தாய் ஒருத்தியின் விடை

இவற்றை எழுதி அனுப்பியபோது, அழகாக அமைந்தவற்றையும் சேர்த்தே எழுதினேன். பச்சையைத் தவிர்த்து மூடுபனியின் நீலச்சாம்பலைத் தளத்தின் நிறமாகத் தேர்ந்தமை சிறப்பு. பக்கங்கள் விரைவில் திறந்தமையும் நன்று. மாதக் கடைசியில் கைப்பேசிக்குக் காசு போட இயலாதவர்க்கு அது பெரும் உதவி. இறுதியாக ஒரு வேண்டுகோளும் விடுத்தேன்: “என் சொல்லை முடிந்த முடிபாகக் கொள்ளாதீர், தம்பி. பிள்ளையை விட வரும் தாய் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, சனிக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பாரும். நீர் வாய் திறவாமல் அருகில் நில்லும்.”

அவர் அவ்வாறே செய்தார். நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த தாய் ஒருவர் கைப்பேசியை வாங்கினார். படத்தைத் தொட்டார், ஒன்றும் நிகழவில்லை. ‘வீடு’ என்பதைத் தொட்டார். அதே பக்கம் மீண்டும் வந்தது. ஐந்து நிமிடம் சென்றபின் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, “எனக்குத்தான் இதெல்லாம் வெளங்காது, சேர்” என்று கூறிச் சிரித்தாராம்.

மாணாக்கர் இதனைச் சொன்னபோது சிறிதுநேரம் இருவரும் பேசவில்லை. அத்தாய் தளத்தைக் குறைகூறவில்லை, தம்மையே குறைகூறிக்கொண்டார். மயங்க வைக்கும் நூல் செய்யும் தீங்கு இதுவே. பிழை எழுதியவனுடையது, நாணம் படித்தவருக்கு. எத்தனை படிவங்களின் முன்னும், எத்தனை அலுவலகப் பலகைகளின் முன்னும் நம் மக்கள் “எனக்குத்தான் விளங்காது” என்று சொல்லித் திரும்பியிருப்பர்! யான் எழுதிய நான்கு குற்றங்களினும் அத்தாயின் ஒரு வாக்கியம் அவ்விளைஞர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

விதியை மீறும் உரிமை

ஆயினும் அவர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார் அல்லர்; ஏற்காததும் நன்றே. “கலைப்பள்ளி விதியை மீறலாகாதா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைப்பள்ளியின் தளத்தைப் பார்த்தீர்களா?” என்று வினவினார். பார்த்தேன். 2006ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அத்தளம், வடிவமைப்பாளர் பலரின் நகைப்புக்கு ஆளானது. கண்ணைக் கூசும் பின்னணிகளும் கலைந்து கிடக்கும் பெட்டிகளுமாக அது காட்சியளித்தது. ஆயின், மாணவர், ஆசிரியர், ஊழியர், பழைய மாணவர் யாவரும் அதன் பக்கங்களை மாற்றலாம் என்னும் ஏற்பாட்டில் அமைந்தது அது. சுவரில் யாரும் வரையலாம் என்று பள்ளியே தூரிகையைக் கொடுத்தது போன்றது. அக்கலைவு கவனக்குறைவால் வந்தது அன்று, கொள்கையால் வந்தது.

காலத்தால் நேரும் மாற்றத்தை வழுவென்று தள்ளாதவர் பவணந்தியார். ஆகவே, மீறலாமா என்பது அன்று வினா. எதன்பொருட்டு மீறுகிறோம் என்பதே வினா. உலகறிந்த ஒரு பல்கலைக்கழகத்தின் வாயிலைத் தேடி வருவோர், குழப்பத்தைக் கடந்தும் உள்ளே செல்வர். நம் பள்ளியின் வாயிலுக்கு வருவோரோ, ஒருமுறை தடுக்கினால் தம்மையே நொந்துகொண்டு திரும்பிவிடுவர். இரண்டு வாயில்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. இதனைச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார்.

வேறொன்றில் அவர் சொன்னதை யான் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மூன்றாம் பக்கத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வரைந்த லய வீட்டின் படம் இருந்தது. கோடிட்ட கொப்பித்தாளில் வரைந்தது. வீட்டுக்குக் கூரையே இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவுக்குள் அப்பாயி, தாய், தந்தை, மூன்று பிள்ளைகள், ஓர் ஆட்டுக்குட்டி. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. அடுப்பு வீட்டைவிடப் பெரிது. “தூரமும் அளவும் தவறிய படம், இதனை நீக்கி, நேர்த்தியான ஒன்றை இடுக” என்று குறித்திருந்தேன்.

“ஐயா, கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து பார்த்தால்தானே அத்தனை பேரும் தெரிவார்கள்? அவள் வேண்டுமென்றே அப்படி வரைந்தாள்” என்றார் அவர்.

யான் எழுதியதை அடித்தேன், சிவப்பு மையால்தான். உன் கண்ணால் காண் என்று எழுதிய பள்ளியில், தன் கண்ணால் கண்டவள் அச்சிறுமி. பெட்டிப்படப் பெண்ணைக் குறைகூறிய யானே, உண்மையான கண் எதிர்ப்பட்டபோது அளவுகோலை நீட்டினேன். கருத்துரைப்போன் எத்துணை கற்றவனாயினும், ஆக்கியோன் அறிந்த ஒன்றை அறியாதவனாக இருத்தல் கூடும். கருத்துரைப்பது அவனுக்கு உரியது. முடிவு ஆக்கியோனுக்கே உரியது.

தளம் இப்பொழுது திறந்துவிட்டது. ‘வீடு’ ‘முகப்பு’ ஆயிற்று. எழுத்துக் கறுத்துத் தெளிந்தது. பயிற்றுவோர் பெயர், காமன் கூத்து வழி, இறங்குமிடம், நேரம், வயது, கட்டணம் யாவும் முதற்பக்கத்தில் உள்ளன. தமிழ்ப் பகுதி இறுதிப் பக்கம்வரை தேயாமல் செல்கிறது. கூடை சுமந்த பெண் போய்விட்டாள். அவளிருந்த இடத்தில் கூரையில்லாத அந்த லய வீடு நிற்கிறது. அது என் யோசனை அன்று, அவருடையது.

ஆசிரியரும் மாணவரும் இலக்கிய அன்பருமாகிய நாம் நாள்தோறும் பிறர் ஆக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். கவிதையாயினும் கட்டுரையாயினும் படமாயினும் ஏதோ ஒன்றை யாரோ ஒருவர் நம் முன் வைக்கிறார். அவ்வேளையில், இது யாருக்காக என்று முதலிற் கேட்போம். நெய்யையும் குறிப்போம். குற்றம் பத்திருப்பினும், முதலில் திருத்த வேண்டியதைச் சொல்வோம். பின்னர், பேச்சை நிறுத்தி, படிப்பவர் கையில் அதைக் கொடுத்துப் பார்ப்போம். சென்ற சனிக்கிழமை அத்தாயிடம் மீண்டும் கைப்பேசியைக் கொடுத்தார்களாம். முகப்பைப் பார்த்ததும், “ஒன்பது மணி” என்று சொல்லிவிட்டு, கூரையில்லாத வீட்டின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.